பதினாறு மூடிகளில் ரபியா

கட்டிய புருஷனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற சிக்கல் ரபியாவுக்கு ஐம்பத்தொன்பதாவது வயதில் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டு வந்தாள். நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம், அவர்கள் வீடுகளில் அப்படித்தான். முப்பத்தெட்டு வருஷம் அதில் ஒரு வில்லங்கமும் வரவில்லை. பிறகு ஒரு நாள் காலையில், சோபாவில் உட்கார்ந்திருந்த அப்துல் காதரிடம் டீயை நீட்டி, "மச்சான், ஆறிப்போவுது, குடிங்க" என்றாள். மனுஷன் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார்.

"யாரும்மா நீங்க? என்னைப் போயி மச்சான்னு கூப்பிடுறீங்க! என் பொண்டாட்டி காதுல விழுந்தா என்ன நெனப்பா?"

பொண்டாட்டி டீக் கோப்பையும் கையுமாக எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

மறதி நோய் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சாவி வைத்த இடம் மறக்கும், தேதி மறக்கும், பேர்கள் மறக்கும், கடைசி கடைசியாகத்தான் பெண்டாட்டி பிள்ளை மறக்கும் என்று ரபியா தானாக ஒரு வரிசை போட்டு வைத்திருந்தாள். நோய் அந்த வரிசையைக் கேட்கவில்லை. தன் அக்கா முனீராவை அவருக்குத் தெரிந்தது. மகள் நஸீஹாவை, சில நாள் பள்ளிக்கூடப் பிள்ளையாகவாவது, தெரிந்தது. தொழுகையில் ஓதுவது ஒரு எழுத்துப் பிசகவில்லை. ரபியாவையும் அவர் மறக்கவில்லை என்பதுதான் கொடுமை. முப்பது வயது ரபியா, ஒல்லியானவள், அவருக்கு அச்சு அசலாக ஞாபகம் இருந்தாள். இந்த நரைத்த தலையும் வீங்கிய காலுமான பெண்பிள்ளைதான் அவள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார்.

"ரபியா தேக்காவுக்குப் போயிருக்கா, மீன் வாங்க. இப்ப வந்துருவா" என்பார். சொல்லிவிட்டு வாசல் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குப் போன ரபியா இரண்டு வருஷமாக வந்து சேரவில்லை.

அவர் மரியாதை தெரிந்த ஆள். அதனால் வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. அந்நியப் பெண்ணோடு அடைத்த வீட்டுக்குள் தனியாக இருக்க மாட்டார். ஆகவே மரக்கதவு காலையிலிருந்து திறந்தே கிடக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் அவர் இறங்கிப் போய்விடுவார். ஆகவே இரும்புக் கேட்டு பூட்டியே இருக்க வேண்டும். குவீன்ஸ்டவுனில் பத்தாவது மாடி, மூவறை வீடு. ஒன்று திறந்தும் ஒன்று பூட்டியும் இருந்த அந்த வாசலுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேரும் கிடந்தார்கள். ரபியா தன் சொந்த வீட்டில் விடிந்ததிலிருந்து தலையில் துணியோடு நடமாடினாள். அவர் அவளை 'லாத்தா' என்று கூப்பிட்டார். அதாவது அக்கா. அவர் கணக்கில் அவருக்கு நாற்பதுக்குள்தான் வயது, எதிரில் நிற்பவளோ கிழவி. அவளும் வேறு வழியில்லாமல் 'பாய்' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள். ஊரே கூப்பிடுகிற மாதிரி, மீன்கடைக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி, கட்டினவரை 'பாய், சாப்பிட வாங்க' என்று அழைத்தாள்.

ஆரம்பத்தில் ஒரு தடவை குப்பையைப் போட்டுவிட்டு ஐந்தே நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று கேட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். இரண்டு பை நிறைய வெறும் பாட்டிலும் டப்பாவும். கீழே இருக்கும் நீலத் தொட்டியில்தான் அதையெல்லாம் போட வேண்டும் என்பது நஸீஹாவின் கட்டளை. "உம்மா, ரீசைக்கிள் பண்ற சாமானைப் போயி குப்பைக் குழாய்ல போடாதீங்க லா, ப்ளீஸ்" என்று பல தடவை சொல்லியிருந்தாள். ரபியா திரும்பி வந்தபோது லிஃப்ட் வாசலிலேயே சத்தம் கேட்டது. "யாரோ என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க! காப்பாத்துங்க!" கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அண்டை வீட்டார் நான்கு பேர் கூடியிருந்தார்கள். யாரோ போலீசுக்குச் சொல்லி, இரண்டு இளம் காவலர்கள் வந்து, இந்த அம்மாள் யார் என்று அவரிடம் கேட்டார்கள். தெரியாது என்றார். ரபியா அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டியதாயிற்று. தன் வீட்டுக்குள் போவதற்குத் தன் அட்டையைக் காட்டியவள் அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை.

ஒரு காலத்தில் அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள், நஸீஹா பிறந்ததும் நின்றாள். ஆனாலும் ஞாயிறு காலை தேக்காவுக்குப் போய் மீன் வாங்குவதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மீனை வாங்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் அவர் வேலை பார்த்த துணிக்கடை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள். அவர் உள்ளேயிருந்து தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் அவர்களுடைய உல்லாசம். இப்போது காய்கறி, மீன் எல்லாம் வாரம் ஒரு முறை தன் தெம்பனிஸ் வீட்டிலிருந்து நஸீஹா கொண்டுவந்து கொடுத்தாள். பிளாஸ்டிக் தட்டில் உறையிட்ட மீன். அதன் கண்ணைப் பார்த்தால் செத்து எத்தனை நாள் என்றுகூடச் சொல்ல முடியாது.

"உம்மா, வாப்பாவுக்கு நர்சிங் ஹோம்ல ஒரு எடம் பாக்கலாம் லா. நீங்க இப்டியே இருந்தா உங்களுக்கு ஏதாச்சும் ஆயிரும். ஐ ஆம் சீரியஸ்."

"அங்க கொண்டுபோய் விட்டா என்னை எங்க தேடுவாரு?"

"இங்க மட்டும் என்ன உம்மா..." என்று ஆரம்பித்த நஸீஹா மீதியை விழுங்கினாள். நல்ல பிள்ளை.

அதற்குள் வீட்டில் பைகள் சேர்ந்துகொண்டே போயின. நீலத் தொட்டிக்குப் போக ஆளில்லை, குப்பைக் குழாயில் போட மகளின் உத்தரவு இல்லை. காப்பிப் பொட்டலம், ஷாம்பு பாட்டில், சோறு வாங்கிய கறுப்பு டப்பா, பாட்டில் மூடிகள், மருந்து தீர்ந்த வெள்ளி அட்டைகள் எல்லாம் கழுவிக் காய்ந்து சமையலறைத் தொட்டிக்கு அடியில் குவிந்தன. ஞாயிற்றுக்கிழமை நஸீஹா முடிந்ததை எடுத்துப் போவாள், அடுத்த ஞாயிறுக்குள் மறுபடி நிறையும்.

ஒரு மதியம் அவர் கேட்டுக்கும் சோபாவுக்குமாக நடந்து நடந்து ரபியாவுக்குத் தலை சுற்ற வைத்தார். ஏதாவது கைவேலை கொடுத்தால் உட்காருவாரோ என்று ஒரு பையை அவர் முன் தரையில் கொட்டினாள். குழந்தைக்குப் பொம்மை போடுகிற மாதிரி புருஷனுக்குக் குப்பை போடுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவரோ சப்பணமிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பச்சை மூடிகள் ஒரு பக்கம் போயின. பிறகு பச்சைக்குள்ளே பிரிவினை நடந்தது. "இது கிளிப்பச்சை. இது பாசிப்பச்சை. ரெண்டையும் ஒண்ணா வெச்சா கடைக்கு அவமானம்" என்றார்.

ரபியாவுக்குப் புரிந்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் அந்தத் துணிக்கடையில் அவர் பார்த்தது மேட்சிங் பிளவுஸ் வேலை. பைக்குள் மடித்த புடவையின் ஒரு ஓரத்தைக் காட்டினால் போதும், ஏணியில் ஏறி நூறு துணிக்கட்டுக்குள் ஒன்றை இழுப்பார். அவர் எடுத்துக் கொடுத்ததை மாற்ற வந்தவர்கள் கிடையாது. கையில் பிடித்த டீயை மறந்துபோகிற தலைக்குள் நிறம் மட்டும் கலையாமல் இருந்தது.

அன்று அவர் காப்பிப் பொட்டலங்களைப் பிரித்து வைத்துக்கொண்டே வந்தார். கடும் பழுப்பு, இளம் பழுப்பு, தேன் நிறம். ஒன்றைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. எழுந்து கேட்டுக்குப் போய், கம்பிக்கு வெளியே கையை நீட்டி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் துணியைத் தெருவாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது அவர் பழக்கம், குழல்விளக்கு நிறத்தை ஏமாற்றிவிடும் என்பார்.

"லாத்தா, இது ரபியா கன்னம்."

"என்னது?"

"அவ கன்னத்து நெறம். நெத்தி இதைவிட ஒரு பிடி கம்மி. வெயில்ல அலையாதன்னா கேக்க மாட்டா."

ரபியா அந்தப் பொட்டலத்தை வாங்கித் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குளியலறைக் கண்ணாடியில் பார்த்தாள். சேரவில்லை. இவள் கன்னம் எப்போதோ வெளிறிவிட்டது. இரண்டு வருஷமாக வெயில் படாத கன்னம். ஆனால் சேர்ந்திருந்த ஒரு காலம் அவருக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்து வைத்தால், ஒரே ஒரு தடவை, பக்கத்தில் இவளையும் நிறுத்திப் பார்த்து, 'அட நீயா' என்று சொல்ல மாட்டாரா? அந்த ஒரு நினைப்புத்தான் தொடக்கம். ரபியாவுக்குக் கலை கிலை என்றெல்லாம் ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தன் புருஷன் வேண்டும்.

போட்டோ காட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் போட்டோவே கிடையாது. உருவப்படம் இருக்கும் வீட்டுக்கு மலக்குகள், அதாவது வானவர்கள், வர மாட்டார்கள் என்பதில் அப்துல் காதர் கண்டிப்பானவர். பால்பவுடர் டின்னில் சிரிக்கும் குழந்தையைக்கூட அலமாரியில் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். கல்யாணத்துக்கும் படம் எடுக்க விடவில்லை. அடையாள அட்டையில் இருக்கும் படத்தை ரபியா ஒருநாள் காட்டிப் பார்த்தாள். "யாரு இந்தம்மா? பாவம், ரொம்பக் களைச்சுப்போயிருக்காங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

முகம் செய்வது என்றால் எதன் மேல் செய்வது? அலமாரி உச்சியில் பிஸ்கட் டின்கள் இருந்தன. முனீரா ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் ஒரே கடையில் ஒரே பிஸ்கட்டை ஒரே சதுர டின்னில் கொடுப்பாள். ரபியா எந்த டின்னையும் எறிந்ததில்லை. எண்ணிப் பார்த்தால் பதினாறு. மூடியைத் திருப்பிப் போட்டால் ஓரம் எழும்பி நிற்கும், துண்டுகள் உருளாது. நாலுக்கு நாலாக அடுக்கினால் ஒரு ஆள் அகலத்துக்கு முகம் வரும். குமரியாக இருந்த காலத்தில் தலையணை உறைகளில் கட்டம் எண்ணிக் குறுக்குத் தையல் போட்டவள் அவள். நஸீஹாவின் பழைய கணக்கு நோட்டில் கட்டம் பிரித்தாள், பென்சிலால் வரைந்தாள், அழித்தாள். அழித்ததுதான் அதிகம்.

"பாய், உங்க ரபியா எப்படி இருப்பாங்க?"

அவர் வெட்கப்பட்டார். "அதெல்லாம் வெளியாள்கிட்ட சொல்லலாமா?" என்றார். பிறகு, "நீங்க பொம்பளதானே, பரவால்ல" என்று தானே அனுமதி கொடுத்துக்கொண்டார். "இடது புருவத்துல ஒரு எடம் முடி இல்லாம இருக்கும், சின்ன வயசுல விழுந்தது. மூக்குத்தி சின்னக் கல்லு. சிரிச்சா இடது கண்ணு கொஞ்சம் சின்னதாப் போயிரும். அவளுக்கே அது தெரியாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அப்புறம் பாத்துப் பாத்துச் சிரிப்பா. எனக்கு அது வேணாம்."

ரபியா சமையலறைக்குள் போய்த் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் 'உப்பு கொஞ்சம் கம்மி' என்பதைத் தாண்டி அவளைப் பற்றி வாயே திறந்ததில்லை. இப்போது யாரோ ஒரு லாத்தாவிடம் கொட்டுகிறார். சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. தேக்காவில் மீன் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த மகாராணி வருவதாகக் காணோம், இங்கே ஒருத்தி அவள் புருஷனுக்கு மூத்திரத் துணி துவைக்கிறாள். எதிரே வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம் என்றிருந்தது.

வேலை ஏழு மாதம் ஓடியது. காப்பிப் பொட்டலங்களை நகமளவு வெட்டி, மூடியில் பசை போட்டு ஒட்டித் தோல் செய்தாள். கறுப்பு டப்பாக்கள் கூந்தலாயின. மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஷாம்பு பாட்டில், அது தலைத்துணி. உதட்டுக்குச் சாஸ் பாட்டிலின் சிவப்பு மூடியை வெட்டியபோது அவர் முகம் சுளித்தார். "இது கல்யாணப் பொண்ணுக்கு. ரபியா வீட்டுல சாதாரணமா இருக்குறவ" என்று, துணி சோப்புத் திரவப் பாட்டிலின் மங்கிய ரோஜா நிறத்தை எடுத்துக் கொடுத்தார். மூக்குத்திக்கு அவருடைய மருந்து அட்டையின் வெள்ளி. எதற்காகக் கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு துண்டை நீட்டி 'எது சேரும் பாய்' என்றால் போதும், கேட்டுக்குப் போய் வெயிலில் பார்த்துச் சொல்வார். அந்தப் பத்து நிமிஷமும் அவர் கம்பியைப் பிடித்து உலுக்கியதில்லை.

முடிந்த மூடியெல்லாம் கட்டிலுக்கு அடியில் போயிற்று. பதினாறையும் சேர்த்து வைத்து அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இடம் இல்லை என்பது ஒரு காரணம். தனித்தனியாகக் கிடக்கும்வரை அது முகம் இல்லை, வெறும் பொட்டலத் துண்டு, அவர் போட்ட சட்டம் மீறப்படவில்லை என்பது இன்னொன்று. சேர்த்துப் பார்த்து, அது அவளாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் உண்மையான காரணம்.

தம்பியைப் பார்க்க வந்த முனீரா கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடும்போது மூடிகளைக் கண்டுபிடித்துவிட்டாள். தான் கொடுத்த டின் அவளுக்குத் தெரியாதா? பதினான்கு மூடி முடிந்திருந்தது. கண்கள் வர வேண்டிய இரண்டும் காலி.

"என்ன புள்ள இது? மூக்கு மாதிரி இருக்கு?"

ரபியா மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். முனீரா நெடுநேரம் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். "அவன் புத்தி நல்லா இருந்தா இதை வீட்டுக்குள்ள வெக்க விடுவானா?" என்றாள்.

"புத்தி நல்லா இருந்தா எனக்கு எதுக்கு லாத்தா இது?"

"கண்ணு மட்டும் வெக்காதே. கண்ணு இல்லாட்டி உருவம் ஆகாதுன்னு சொல்லுவாங்க. அதோட விட்டுரு."

மூன்று வாரம் ரபியா அந்த இரண்டு மூடிகளைத் தொடவில்லை. ஆனால் அவர் அந்த மூன்று வாரமும் கண்ணைப் பற்றியே பேசினார். இடது கண் சின்னதாகப் போகும், அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்கிற மாதிரியே சொன்னார். நாலாவது வாரம் கறுப்பு டப்பாவையும் தயிர் டப்பாவின் வெள்ளையையும் எடுத்து வெட்டினாள். முடித்ததும் முனீராவுக்குப் போன் போட்டு, "லாத்தா, கண்ணு வெச்சுட்டேன்" என்றாள். முனீரா, "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நஸீஹா வந்தாள். அவர் குளிக்கும் நேரத்தில் தாயும் மகளும் ஹாலின் கடைசிச் சுவரில், மேசையை இழுத்துப் போட்டு, பதினாறு மூடிகளையும் வரிசையாகச் சாய்த்து அடுக்கினார்கள். கிட்ட நின்று பார்த்தால் வெறும் கந்தல். காப்பிக் கம்பெனியின் பேர்கூட அங்கங்கே தெரிந்தது. அறையின் அந்தக் கோடிக்குப் போனாலும் சரியாகப் பிடிபடவில்லை. "உம்மா, வெளிய போயி பாக்கணும்" என்றாள் நஸீஹா.

ரபியா கேட்டைத் திறந்தாள். அவரைக் கையைப் பிடிக்காமல், 'வாங்க பாய், காத்து வாங்கலாம்' என்று கூப்பிட்டு நடைபாதைக்குக் கொண்டுவந்தாள். சுவரில் முதுகு சாய்த்துத் திரும்பிப் பார்த்தபோது, திறந்த கதவுக்குள்ளே, ஹாலின் கடைசியில், மயில்கழுத்துத் துணிக்குள் ஒரு பெண் சிரிக்கப் போகிற முகத்தோடு இருந்தாள். இடது கண் கொஞ்சம் சின்னதாகியிருந்தது. நான் இவ்வளவு சந்தோஷமாகவா இருந்தேன் என்றுதான் ரபியாவுக்கு முதலில் தோன்றியது.

அவரைப் பார்த்தாள். "வந்துட்டியா?" என்றார். "மீன் கெடச்சுதா?"

விடுவிடுவென்று உள்ளே போனார். ரபியா அவரை முந்திக்கொண்டு ஓடினாள். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, தலைத்துணியை எடுத்தாள். அவர் சொன்னபடியே, இடது கண் சுருங்கட்டும் என்று சிரித்தாள். கண்ணீர் வடிய வடியச் சிரித்தாள். ஏழு மாதம் இதற்காகத்தானே வெட்டினாள். அவர் ஒரு நொடி பார்த்தார். சட்டென்று பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார்.

"லாத்தா, தலையில துணியைப் போடுங்க. ரபியா இருக்கா."

நஸீஹா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரபியா துணியைப் போட்டுக்கொண்டாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்து மூடிகளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிறகு நன்றி மறக்காதவராய்த் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "இத்தனை நாளு எனக்காக ரொம்பச் சிரமப்பட்டீங்க லாத்தா. இனி நீங்க உங்க வீட்டுக்குப் போகலாம். உங்க வீட்லயும் தேடுவாங்கல்ல?"

"எங்க வீட்ல அவரு வேற ஒருத்திக்காகக் காத்துக்கிட்டிருந்தாரு, பாய்" என்றாள் ரபியா. "அவ வந்துட்டா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர்.

அதற்கு மேல் அந்த ஹாலில் நிற்க முடியவில்லை. குளியலறைக் கதவைத் தட்டி, "வாப்பாவைப் பாத்துக்க, கேட்டைப் பூட்டிக்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினாள். இரண்டு வருஷம் கழித்துத் தனியாகத் தரைக்கு வந்தாள். எங்கே வேண்டுமானாலும் போகலாம். யாரும் கம்பியை உலுக்கப் போவதில்லை. ஆனால் கால் எங்கே போகும்? அவுட்ரம் பார்க்கில் ரயில் மாறி லிட்டில் இந்தியாவில் போய் இறங்கிற்று. அவர் இரண்டு வருஷமாக ரபியா அங்கேதான் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அங்கேயே போனாள். தேக்கா சந்தையில் தரை ஈரமாக இருந்தது. வவ்வால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து ஒன்று வாங்கினாள். துணிக்கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். உள்ளேயிருந்து தலையாட்ட யாரும் இல்லை. அடுத்த ரயிலில் வீட்டுக்குத் திரும்பினாள்.

கேட்டு பூட்டியிருந்தது. மணி அடித்ததும் அவரே எழுந்து வந்தார். கம்பிக்கு உள்ளே அவர், வெளியே மீன் பையோடு ரபியா.

"லாத்தாவா? இன்னைக்கு வேலை ஒண்ணும் இல்லையே. ரபியா தேக்காவுல இருந்து வந்துட்டா."

"மீன் கொண்டாந்தேன், பாய்."

"மீனெல்லாம் ரபியா வாங்கிட்டா."

ரபியா பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தோளுக்கு மேலே, ஹாலின் கடைசியில், அந்தக் குமரி இவளைப் பார்த்துச் சிரிக்கப் போகிற மாதிரியே இருந்தாள். இவளுக்குத் திருப்பிச் சிரிக்க வரவில்லை. வந்தவரை வாசலோடு அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. கொஞ்சம் யோசித்து, "வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். உள்ளே திரும்பி, "புள்ள, கேட்டைத் திற" என்று மகளைக் கூப்பிட்டார்.

ரபியா தலை குனிந்து ஹாலைக் கடந்து சமையலறைக்குள் போனாள். நாற்காலியிலிருந்து பார்த்தால் சமையலறை தெரியாது. டீ போட்டாள், அவருக்குப் பிடித்த மாதிரி இஞ்சி தட்டி. நஸீஹாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வாய் உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர் மூடிகளைப் பார்த்துச் சொன்னார்.

"ரபியா, டீ நல்லாருக்கு."

யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. "சரி மச்சான்."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். தூக்கிவாரிப்போட்டு எழுவார், யார் நீங்க என்பார், பொண்டாட்டி காதில் விழும் என்பார் என்று அடுப்பு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலி நகரவில்லை.

"என்ன மீனு வாங்குன?"

"வவ்வாலு, மச்சான்."

"சரி. காரம் கொஞ்சம் கம்மியாப் போடு. பிள்ளைக்கு ஆகாது."

"சரி மச்சான்."

ரபியா மீனைக் கழுவி, கீறி, மசாலா தடவி வைத்தாள். செய்வதற்கு அங்கே இனி வேலை எதுவும் இல்லை. கால் வலித்தது, ஹாலில் சோபா காலியாகத்தான் கிடந்தது. ஆனால் ஹாலுக்குள் கால் வைத்தால் லாத்தா ஆகிவிடுவாள். ஆகவே சமையலறைச் சுவரில் சாய்ந்தபடி நின்று, அவர் அடுத்த கேள்வி கேட்பதற்காகக் காத்திருந்தாள்.